பதினோரு மீட்டர் தள்ளி நின்றவளுக்கு

உன்னிடம் இருந்த ஆபீஸ் கைபேசி ஐந்து நாளாக என் மேஜையில் கிடக்கிறது. திங்கட்கிழமை உன் தங்கை ஆபீஸ் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், ஜவுளிக்கடைப் பையில் சுற்றி. சார்ஜ் போடும் ஓட்டையில் உப்பு பூத்து அடைத்துப் போயிருந்தது. "அதுல இருக்கறத எல்லாம் அழிச்சிட்டு, புதுசா வர்ற ஃபீல்டு ஸ்டாஃபுக்குக் குடுத்துடுங்க மேடம்" என்றார் மேனேஜர். நான் ஒரு ஊக்கை எடுத்து அந்த உப்பைக் குடைந்தேன். குடைந்துகொண்டே என்ன யோசித்தேன் தெரியுமா? பத்து மாதமாகக் கொடுக்காதவர்கள் இப்போது மட்டும் ஏன் கொடுக்கிறார்கள், இதில் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று. நீ போய்ச் சேர்ந்து வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் புத்தி வரவில்லை பார்.

என்ன செய்ய, சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நம் வேலையை வீட்டில் ஒருத்தருக்கும் விளக்க முடிந்ததில்லை. ஒருநாள் என் மாமி கேட்டார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். செயற்கைக்கோள் மேலேயிருந்து நிலத்தைப் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அந்தப் படத்தைப் பார்த்து இது வயல், இது ஏரி, இது வீடு, இது உப்பளம், இது தரிசு என்று ஆளுக்கொரு நிறம் பூசும். பூசியது சரிதானா என்று என் சிநேகிதி நேரில் போய் நின்று போட்டோ எடுத்து அனுப்புவாள். அவள் நிஜமாகவே போனாளா என்று நான் ஆபீசில் உட்கார்ந்து பார்ப்பேன். மாமி வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "அப்ப நீ ஒழுங்கா பாக்குறியான்னு யாரு பாக்குறது?" என்றார்கள். இதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் புரை ஏறித் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. சந்தேகத்தில் எனக்கே அக்கா. டீக்கடைப் பாலைச் சந்தேகப்படுவாய், கண்டக்டர் கொடுக்கும் சில்லறையைச் சந்தேகப்படுவாய், மேனேஜர் சிரித்தால் அதைச் சந்தேகப்படுவாய். "இன்னிக்கு பல்லு தெரியுது, என்னமோ வேலை வச்சிருக்கான்" என்பாய், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. சனிக்கிழமைதோறும் மரக்காணத்திலிருந்து ஈசிஆர் பஸ்ஸில் வந்து இறங்குவாய். வெயிலில் கறுத்த முகம், தோளில் அந்த நீலப் பை. பிளஸ் டூ வரை படித்துவிட்டுப் பன்னிரண்டு வருஷம் உப்பு சுமந்தவள் நீ. எங்கள் ஆபீசில் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் திரையில் தேடிக்கொண்டிருக்கும்போது, எட்டிப் பார்த்து "இது கால்வாய், அது சவுக்குத் தோப்பு" என்று போகிற போக்கில் சொல்லிவிடுவாய்.

செயற்கைக்கோளை மட்டும் நீ கடைசிவரை மதிக்கவில்லை. முதல்முறை படத்தைக் காட்டியபோது நெல்வயலெல்லாம் சிவப்பாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் சேர்த்துக் காட்டுவதால் செடி அப்படித்தான் தெரியும் என்று நான் பாடம் எடுத்தேன். நீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "பச்சைய செவப்புன்னு சொல்ற மிஷின நம்பிக்கிட்டு, என்னைப் போய் செக் பண்றீங்களேடி" என்றாய். அது தினமும் எத்தனை மணிக்கு நம் ஊருக்கு மேலே வரும் என்று கேட்டாய். தினமும் வராது, வருகிற நாளில் காலை பத்தரை வாக்கில் கடக்கும் என்றேன். நீ கையைத் தட்டினாய். "அதானே பாத்தேன்! அளத்துல வேலை விடிகாலையில ஆரம்பிச்சு ஒம்பதரைக்கெல்லாம் முடிஞ்சிரும். பத்தரைக்கு வந்தா காக்காதான் இருக்கும். இத்தன வருஷமா உங்க சேட்டிலைட்டு எங்கள்ல ஒருத்தியக்கூட பாத்திருக்காது!" நான் சிரித்தேன். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், ஆனால் உண்மையைச் சொன்னாய்.

இனி அந்த விஷயத்துக்கு வந்துதான் ஆகவேண்டும்.

போன வருஷம் தை மாதம், நீ நேரில் போய் நின்று பார்க்கவேண்டிய அந்த நாற்பது புள்ளிகள் வந்தன. மரக்காணத்து உப்பளத்தில் ஒரு துண்டை மட்டும் கம்ப்யூட்டர் தரிசு என்று பூசியிருந்தது. நீ நாற்பது புள்ளிக்கும் உப்பளம் என்று எழுதி அனுப்பியிருந்தாய். படமும் நீயும் ஒத்துப்போகவில்லை என்றால் தீர்ப்புச் சொல்வது நான். தரிசு என்று வரைபடத்தில் ஏறிவிட்டால் சும்மா கிடக்கிற இடம்தானே என்று கேட்க ஆள் வரும், அடுத்த குத்தகை புதுப்பிக்கும்போது அதையே எடுத்து நீட்டுவார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய். அந்தத் துண்டில்தான் உன் தங்கை வேலை பார்க்கிறாள் என்பதையும் நீதான் சொல்லியிருந்தாய், எப்போதோ, சோறு தின்னும்போது.

உன் போட்டோக்களைத் திறந்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு திசைக்கு நான்கு, தரையைப் பார்த்து ஒன்று. எல்லாம் ஒரே மாதிரி. பழுப்புச் சேறு, வரப்பு, வானம். எந்தப் புள்ளியிலும், குறித்துக்கொடுத்த இடத்தில் நீ நிற்கவில்லை. ஐந்து மீட்டருக்குள் நிற்கவேண்டும் என்பது விதி. ஒன்பது, பத்து, பதினொன்று என்று திரையில் சிவப்பாகக் காட்டியது. எனக்குள் இருக்கும் போலீஸ்காரி எழுந்துவிட்டாள். ஒழுங்காகப் போய் நிற்காமல் நடக்கிற வாக்கில் எடுத்துத் தள்ளிவிட்டாள், தங்கைக்காகப் பொய் எழுதிவிட்டாள் என்று நிமிஷத்தில் முடிவு கட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நீ டிபன் டப்பாவைத் திறக்கும்போதே கேட்டேன்.

"ஏன்டி எல்லாப் புள்ளியிலயும் தள்ளித் தள்ளி நின்னிருக்க?"

"வரப்புல நின்னேன்."

"புள்ளி பாத்திக்குள்ள இருக்குது."

"மிதிச்ச பாத்தியில கால் வைக்கக் கூடாதுடி. மழைத்தண்ணி வடிஞ்சதும் பொம்பளைங்க வரிசையா நின்னு நாள் கணக்கா மிதிச்சு தரைய இறுக்கி வச்சிருக்காங்க. அதுல ஒரு கால் பட்டா குழி விழுந்துரும். குழியில சேறு கலங்கினா உப்பு கறுத்துரும். எவ கால் வச்சாலும் சரி, திட்டு வாங்காம வெளிய வரமுடியாது."

நல்ல கதை என்று நினைத்துக்கொண்டேன். "சரி, போட்டோ ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்குது?"

"உப்பளம் பின்ன எப்படி இருக்கும்? எக்ஸிபிஷன் மாதிரி இருக்குமா?"

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. "உன் தங்கச்சி அங்கதானே வேலை செய்றா?" என்றேன்.

நீ டிபன் டப்பாவை மூடினாய். நிதானமாக இரண்டு பக்கமும் கொக்கியை மாட்டினாய். "கேட்டுட்ட இல்ல" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்கு நீ கொண்டுவந்திருந்தது காரப்பொடி மீன் குழம்பு. வாசனை வந்தது, பங்கு வரவில்லை.

திரும்பப் போய்ப் புள்ளிக்குள் நின்று எடுத்துவரச் சொன்னார் மேனேஜர். முடியாது, உப்பு விளையட்டும், அப்போது இறங்கி எடுக்கிறேன் என்றாய். அதற்குள் கெடு முடிந்துவிடும் என்றார். இப்போது மாட்டேன் என்றாய் மறுபடியும். நான் உன் பெயருக்கு எதிரே 'நம்பகமற்றது' என்று குறித்தேன். என் கையால்தான் குறித்தேன். உன் லாகினை மூடினார்கள், அந்தத் துண்டு தரிசாகவே வரைபடத்தில் ஏறியது.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாத இடம் ஒன்று உண்டு. அந்தத் தை மாதப் படம், மேகம் இல்லாத நாளாகப் பார்த்து எடுத்தது. பாத்திகளை மிதித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஈரச் சேற்றைக் கண்டு கம்ப்யூட்டர் தரிசு என்றது, அதன்மேல் தப்பில்லை. முந்தைய மே மாதத்துப் படத்தை நான் ஒரே ஒரு தடவை திறந்திருந்தால் போதும், அந்தத் துண்டு வெள்ளை வெளேரென்று தெரிந்திருக்கும். அந்தப் படம் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. நான் நிலத்தைச் சந்தேகப்பட்டிருந்தால் திறந்திருப்பேன். உன்னைச் சந்தேகப்பட்டேன், அதனால் திறக்கத் தோன்றவில்லை.

அதன்பின் நீ பழையபடி உப்பு வாரப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். ஆபீஸ் கைபேசியை நீ திருப்பித் தரவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன், அதில் ஏதோ மறைக்கிறாய் என்று. இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் உன்னிடமிருந்து மூன்று தடவை அழைப்பு வந்தது. திரையில் உன் பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்தத் துண்டை மாற்றச் சொல்லிக் கெஞ்சப் போகிறாய் என்று. போனைக் கவிழ்த்து வைத்தேன். நான்காம் நாள் யாரோ வாட்ஸ்அப்பில் உன் படத்தைப் போட்டு மாலை வரைந்திருந்தார்கள். காய்ச்சலாம், பாண்டியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். நான் காரியத்துக்குக்கூட வரவில்லை. உன் வீட்டார் என்னைப் பார்த்து என்ன கேட்பார்களோ என்று பயந்தேன்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். உப்பைக் குடைந்து எடுத்து, சார்ஜ் ஏற்றி, அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளே பார்த்தேன். பழக்க தோஷம். அனுப்பப்படாமல் ஒரு கட்டு இருந்தது. அதே நாற்பது புள்ளிகள். லாகின் மூடிய பிறகு, பாத்தியில் உப்பு விளைந்து வார ஆரம்பித்த பிறகு, அதாவது உள்ளே இறங்கலாம் என்ற நாளில் நீ போயிருக்கிறாய். யாரும் சொல்லாமல், கூலி இல்லாமல். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், ஒரு மீட்டர். தரையைப் பார்த்து எடுத்த ஒவ்வொரு படத்திலும் உன் இரண்டு பாதங்கள், செருப்பில்லாமல், கணுக்கால் வரை வெள்ளை. வெடித்த குதிகாலோடு அந்தப் பாதங்களை நாற்பது தடவை பார்த்தேன். முப்பதாவதுக்கு மேல் கண் மறைத்துவிட்டது.

மேனேஜரிடம் காட்டினேன். கொஞ்சம் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"லாகின் மூடின அப்புறம் எடுத்தது மேடம். எப்படி ஒத்துக்கறது? அதுவும் அவங்க சொந்தக்காரங்க பாத்தி. நீங்கதானே அன்னிக்கு சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். பிறகு அவரே, "வேணும்னா நீங்க நேர்ல போய் நின்னு எடுத்துட்டு வாங்க. பாக்கலாம்" என்றார்.

வியாழக்கிழமை போனேன். கோட்டக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள், ஈசிஆரில் சென்னைக்கும் திரும்பவுமாக எத்தனை நூறு தடவை அந்த உப்பளத்தைக் கடந்திருப்பேன்! பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. இறங்கியதே இல்லை. எட்டு மணிக்கு நான் போனபோது மறுபடியும் அதே தை மாத வேலை நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஊன்றுகழியோடு, வரிசையாக அடிமேல் அடி வைத்துச் சேற்றை மிதித்துக்கொண்டு போனார்கள். உன் தங்கை என்னை அடையாளம் கண்டுகொண்டு தலையசைத்தாள். வாங்க என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முதல் புள்ளி, மிதித்து முடித்திருந்த ஒரு பாத்திக்கு நடுவில் இருந்தது. நீ சொன்னதெல்லாம் தெரிந்தும் என் புத்தி எப்படிப் போகிறது பார். செருப்பைக் கழற்றிவிட்டால் பரவாயில்லை போலிருக்கிறது, ஒரே ஒரு தடவைதானே என்று வரப்பிலிருந்து காலை வைத்துவிட்டேன்.

"ஏம்மா! கால எடு! காலு! காலு!"

அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பதறிப்போய் எடுத்தேன். பளபளவென்று சமமாக இருந்த தரையில் என் ஐந்து விரலும் குதிகாலும் பதிந்து கிடந்தன. ஒருத்தி, "யாருடி இவ, படிச்ச பொம்பளையாட்டம் இருந்துக்கினு" என்றாள். உன் தங்கை வந்தாள். வரப்பில் மண்டியிட்டு, கையால் உப்புத்தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, என் கால் தடத்தை வழித்து வழித்து மூடினாள். ரொம்ப நேரம் பிடித்தது. "ஈரமா இருக்கக்கொண்டு சரியாப்போச்சு. காஞ்சிருந்தா இந்த எடம் போயிருக்கும்" என்றாள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.

அப்புறம் எழுந்து, நாற்பது புள்ளியையும் வரப்பில் நின்றே எடுத்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. என் திரையிலும் எல்லாம் சிவப்பு. நாற்பது புள்ளியின் போட்டோவும் ஒரே மாதிரிதான் வந்தது.

நேற்று அதை அப்படியே அனுப்பினேன், மூன்று வருஷத்து மே மாதப் படங்களையும், உன் வெறுங்கால் படங்களையும் கூட வைத்து. திருத்தப் படிவத்தில், முந்தைய முடிவு ஏன் தவறாயிற்று என்று ஒரு கட்டம் இருக்கிறது. வழக்கமாக 'களப் பிழை' என்று இரண்டு வார்த்தை போட்டு மூடிவிடுவோம். நான், 'களத்தில் பிழை இல்லை. சரிபார்த்தவர் பிழை' என்று எழுதி, கீழே என் முழுப்பெயரையும் போட்டேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது உங்க ரெக்கார்டுல ஏறும் மேடம்." ஏறட்டும் என்றேன். உன் பெயருக்கு எதிரே இருக்கும் குறிப்பையும் எடுக்கச் சொன்னேன். "ஆளே இல்ல, இனிமே எதுக்கு?" என்றார். எடுக்கும்வரை அவர் மேஜையை விட்டு நகரவில்லை. சாயங்காலம் அந்தத் துண்டின் நிறம் மாறியது. நம்பாமல் நான்கு தடவை மூடி மூடித் திறந்து பார்த்தேன். உப்பளம்தான். உன் தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படிங்களா, சரிங்க" என்றாள்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை நடந்த ஒன்றை எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

வேலை முடிந்து பெண்களெல்லாம் போய்விட்டார்கள். வெயில் ஏறியிருந்தது. உன் தங்கை என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிட வந்தாள். பாதி வழியில், முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்களுக்கு போன் பண்ணுச்சு. நீங்க எடுக்கலீங்களா?"

"கை வேலையா இருந்தேன்மா" என்று பொய் சொன்னேன். கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. "எதுக்குப் பண்ணா? அந்தப் பாத்தி விஷயமா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "பாத்தியா? அதெல்லாம் இல்லீங்க. மூணு நாளா பச்சத்தண்ணிகூட எறங்கல அதுக்கு. வாயெல்லாம் கசக்குதுன்னு சொல்லுச்சு. அப்ப உங்களுக்கு நோன்பு மாசம். 'அவ வீட்டுல நோன்புக் கஞ்சி இருக்கும்டி, வருஷா வருஷம் எனக்குக் கொண்டாந்து குடுப்பா, பக்கத்துலதான் கோட்டக்குப்பம், சொன்னா ஒரு தூக்குல ஊத்திக் குடுத்தனுப்புவா, அது மட்டும்தான் எறங்கும்'னு சொல்லுச்சு. அதுக்குத்தான் பண்ணுச்சு."

நீ கூப்பிட்ட அந்த மூன்று தடவையும் என் முன்னால் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. நோன்பு திறந்து முதல் வாய் குடித்துக்கொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதியையும் குடித்தேன்.

"மூணாவது தடவையும் எடுக்கலன்னதும் நான் திட்டினேங்க உங்கள" என்றாள் உன் தங்கை. "அக்கா என்னைத்தான் அதட்டுச்சு. 'நோன்பு தொறக்குற நேரம்டி, பாவம், காலையிலேர்ந்து பட்டினி. சாப்பிட்டுட்டு அவளே கூப்புடுவா'ன்னுச்சு. போனைத் தலைமாட்டுலயே வச்சிருந்துச்சு."

ஊரில் ஒருத்தரையும் நம்பாதவள் நீ. பாலை நம்பமாட்டாய், சில்லறையை நம்பமாட்டாய், வானத்தில் சுற்றுவதை நம்பமாட்டாய். உன் பெயரைக் கெடுத்த என்னைப் போய், அப்படிப் படுத்துக்கொண்டு, நம்பியிருக்கிறாய். இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம் நீ. திட்டு என்றால் நாளாவட்டத்தில் ஆறிவிடும். நான் கூப்பிடுவேன் என்று நீ காத்திருந்ததைத்தான் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.